டாக்டர்கள் சங்கமும் நம் மலையும்



ஜூலை 1 மருத்துவர் தினத்துக்கு நான் போட்ட வாழ்த்தின் கீழே, பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், டாக்டர்களுக்கு எதுக்கு சங்கம்? ஸ்டிரைக் பண்ணத்தானே?" இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. காவலூரில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கதையில் பங்கு இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வழக்கம்போல நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரர் காலத்தில் பெரிய ஆஸ்பத்திரிகளின் உயர்ந்த பதவிகள் எல்லாம் ஐ.எம்.எஸ். என்ற இந்திய மருத்துவப் பணிக்காரர்கள் கையில். அது அடிப்படையில் ராணுவத்துக்கான பணி, அதில் பெரும்பாலோர் ஆங்கிலேயர்கள். வெளியில் தொழில் செய்த நம் டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த வாசல் எளிதில் திறக்காது. இந்த ஆற்றாமையில்தான் 1928-ல் கல்கத்தாவில் கூடிய மருத்துவ மாநாட்டில் அகில இந்திய சங்கம் பிறந்தது. பிறகு இந்திய மருத்துவச் சங்கம், ஐ.எம்.ஏ. என்று பெயர் நிலைத்தது. நீல்ரத்தன் சர்க்கார், பி.சி.ராய், அன்சாரி போன்றவர்கள் முன்னே நின்றார்கள். சுதந்திரப் போராட்டத்திலும் இருந்தவர்கள் இவர்கள். ராய் பின்னாளில் மேற்கு வங்க முதலமைச்சர் ஆனார். அவர் பிறந்ததும் ஜூலை 1 (1882), இறந்ததும் ஜூலை 1 (1962). மருத்துவர் தினம் அந்தத் தேதியில் வருவது அதனால்தான்.

சங்கம் பிறந்த சூட்டிலேயே ஒரு சோதனை வந்தது. 1930-ல் பிரிட்டனின் பொது மருத்துவ கவுன்சில் இந்தியப் பட்டங்களை அங்கீகரிக்க மறுத்தது. அதன் விளைவாக 1933-ல் இந்திய மருத்துவ கவுன்சில் சட்டம் வந்தது. தரத்தை லண்டன் பார்த்துச் சொல்லவேண்டிய நிலை மாறி, இங்கேயே ஒரு கவுன்சில். (சென்னை மாகாணத்தில் டாக்டர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1914-லேயே வந்துவிட்டது.)

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 1933 சட்டம் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கானது. எல்.எம்.பி. என்ற லைசென்ஷியேட் டாக்டர்களுக்கு அதில் இடமில்லை. உங்கள் தாத்தா பாட்டிகளைக் கேட்டால் "எல்.எம்.பி. டாக்டர்" என்று மரியாதையோடு சொல்வார்கள். கல்லூரிப் பட்டம் இல்லாமல், மருத்துவப் பள்ளியில் குறைந்த காலம், குறைந்த செலவில் படித்து வந்தவர்கள். சிற்றூர்களில் ஊசி போட்டதும் பிரசவம் பார்த்ததும் பெரும்பாலும் இவர்கள்தான்.

நம் மலைக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-ல் பெண்களுக்காகத் தொடங்கியது எல்.எம்.பி. படிப்புதான். 1930-களின் கடைசியில் சென்னை மாகாண அரசு அந்தப் படிப்பை நிறுத்தி எல்லாம் பட்டப்படிப்பாக வேண்டும் என்றது. ராயபுரத்து ஸ்டான்லி மருத்துவப் பள்ளி 1938-ல் கல்லூரி ஆனது. வேலூர்ப் பள்ளியோ மூடவேண்டிய நிலைக்குப் போய், வயதான காலத்தில் அந்த அம்மையார் அமெரிக்காவில் பணம் திரட்டி, 1942-ல் எம்.பி.பி.எஸ். தொடங்கியது. இன்று நம் மலை மக்கள் கடைசி நம்பிக்கையாகப் போகும் சி.எம்.சி. அதுதான்.

1946-ல் போர் குழு அறிக்கை வந்தது. அதில் உள்ள கணக்கைப் பாருங்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் பதிவான டாக்டர்கள் 47,524 பேர். அதில் பட்டதாரிகள் 17,654, லைசென்ஷியேட்கள் 29,870. அதாவது 10 பேரில் 6 பேருக்கும் மேல் எல்.எம்.பி. 6,300 பேருக்கு ஒரு டாக்டர். அந்த நிலையிலும் குழு, இனி ஒரே வகை டாக்டர்தான், குறுகிய படிப்பு வேண்டாம் என்றது. குழுவுக்குள்ளேயே சிலர் அதை ஏற்கவில்லை. ஏற்கெனவே இருந்த எல்.எம்.பி.க்காரர்கள் சுருக்கப் படிப்பு படித்து எம்.பி.பி.எஸ். ஆக வழி செய்யப்பட்டது.

டாக்டர்களுக்குள் மேல்சாதி கீழ்சாதி போல இருந்த பிரிவு ஒழிந்தது நியாயம்தான். கிராமத்தானுக்கு மட்டும் அரைப் படிப்பு டாக்டரா என்ற கேள்வியும் நியாயம்தான். ஆனால் எல்.எம்.பி. போன இடத்துக்கு எம்.பி.பி.எஸ். வரவில்லையே! இருட்டான வானம் வேண்டும் என்று விஞ்ஞானிகள் தேடி வந்த ஊர் நம்முடையது. 1968-ல் தொலைநோக்கி வந்தது. 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்துவைக்கப் பிரதமரே வந்தார். டாக்டர்களுக்கோ அதே இருட்டும் தனிமையும்தான் தடை. ஜவ்வாது மலையில் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்த கதைகளை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

2010-ல் கிராமங்களுக்கென்று மூன்றரை ஆண்டு மருத்துவப் படிப்பு ஒன்றை யோசித்தார்கள். ஐ.எம்.ஏ. எதிர்த்தது. 2019-ல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில், வரம்புக்குட்பட்டு மருந்து எழுத சமுதாய சுகாதாரப் பணியாளருக்கு அனுமதி என்றார்கள். ஜூலை 31 அன்று நாடு முழுவதும் ஸ்டிரைக். "போலி டாக்டர்கள் பெருகுவார்கள்" என்பது சங்கத்தின் வாதம். அது பொய்யான பயம் இல்லை. ஆனால் போலி டாக்டர் எங்கே கடை போடுகிறார்? நிஜ டாக்டர் இல்லாத ஊரில்தானே. இதற்குச் சங்கம் சரியான பதில் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

(நோயாளிகள் நுகர்வோர் நீதிமன்றம் போகக்கூடாது என்றும் ஐ.எம்.ஏ. வழக்காடியது. 1995-ல் உச்ச நீதிமன்றம், காசு வாங்கிச் செய்யும் சிகிச்சை சேவைதான் என்று தீர்ப்பளித்தது. இது தனிக் கதை, இன்னொரு நாள்.)

இனி மறுபக்கம். தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு முதுநிலைப் படிப்பில் பாதி இடம் ஒதுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இளம் டாக்டர் வருவதற்கு அது ஒரு பெரிய காரணம். சில வருடம் இங்கே வேலை பார்த்தால் எம்.டி. சேரலாம் என்ற நம்பிக்கை. 2016-ல் வேறு மாநில வழக்கில் வந்த ஒரு தீர்ப்பு, இடஒதுக்கீடு கூடாது, கடினமான பகுதியில் பணிபுரிந்ததற்கு ஊக்க மதிப்பெண் மட்டும் தரலாம் என்றது. உச்ச நீதிமன்றத்துக்குப் போனது யார் தெரியுமா? தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம். 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படி ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லிவிட்டது. அப்படிப் படித்து முடித்தவர்கள் கிராமம், பழங்குடிப் பகுதி, மலைப்பகுதிகளில் பணியாற்ற பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

அந்த வழக்கை நடத்தியவர்கள் தங்கள் சீட்டுக்காகத்தான் நடத்தினார்கள். அதில் தப்பில்லை. அந்தச் சீட்டோடு சேர்ந்து நம் மலைக்கும் ஒரு டாக்டர் கிடைக்க வழி இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

நம் பிள்ளைகளில் அரசு டாக்டர்களாக இருப்பவர்கள், மலையில் வேலை பார்த்தவர்கள், இந்தப் பத்திர விஷயம் நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆசை.