பீச் பழக்கூடையும் பிரசங்க மேடையும்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோதே, "அண்ணா, பம்பு, வால்வு எல்லாம் வேண்டாம். எல்லாரும் படிக்கிற மாதிரி ஏதாவது எழுதுங்க" என்று ஒரு கண்டிஷன் போட்டுவிட்டார்கள். பன்னிரண்டு வருஷமாகப் பம்பு டிசைன் பண்ணியே பிழைக்கிறவனிடம் இப்படிச் சொன்னால் அவன் எதை எழுதுவான்? யோசித்துப் பார்த்தேன். நான்கு ஆண்டுகளில் வகுப்பறையைவிட நான் அதிக நேரம் இருந்த இடம் ஒன்று உண்டு. ஹாஸ்டலுக்குப் பின்னால் இருக்கும் பாஸ்கெட்பால் கோர்ட். அதன் பூர்வீகத்தையே எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நம்மில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, கூடைப்பந்து என்பது தானாக வளர்ந்த விளையாட்டு அல்ல. கபடி மாதிரி, கால்பந்து மாதிரி, யார் எப்போது தொடங்கினார்கள் என்று தெரியாமல் மக்களிடையே உருவானது அல்ல. ஒரு குறிப்பிட்ட மனிதர், ஒரு குறிப்பிட்ட மாதத்தில், ஒரு குறிப்பிட்ட பிரச்சினைக்குத் தீர்வாக உட்கார்ந்து யோசித்துச் செய்தது. இன்ஜினியர்களுக்குப் பிடிக்க வேண்டிய விஷயம். அதைச் செய்தவரோ இன்ஜினியர் அல்ல. போதகராகப் போகவேண்டும் என்று இறையியல் படித்தவர்.

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1861-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்தவர். ஒன்பது வயதுக்குள் தாயும் தகப்பனும் டைபாய்டு காய்ச்சலில் போய்விட்டார்கள். மாமா வீட்டில் வளர்ந்தார். படிப்பை நடுவில் விட்டுவிட்டுக் காட்டில் மரம் வெட்டப் போனார். பிறகு மனம் மாறித் திரும்பி வந்து பள்ளியை முடித்து, மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அதன்பின் அதே ஊரில் பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி. வீட்டார் எதிர்பார்த்ததும் அதுதான்: பையன் ஊழியத்துக்குப் போவான்.

பையனுக்கோ பந்து என்றால் உயிர். அந்தக் காலத்துப் பக்தியுள்ள குடும்பங்கள் பலவற்றில் விளையாட்டு என்பது பிசாசின் தூண்டில். இறையியல் மாணவன் ஒருவன் ஃபுட்பால் ஆடுகிறானே என்று சக மாணவர்கள் அவருடைய ஆத்துமாவுக்காக ஜெபம் செய்தார்களாம். இதை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அவர் வாழ்க்கையைத் திருப்பிய சம்பவம் ஆட்டத்தின் நடுவில்தான் நடந்தது. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவன் ஏதோ கோபத்தில் கெட்ட வார்த்தை ஒன்றை உதிர்த்துவிட்டான். உடனே நெய்ஸ்மித் பக்கம் திரும்பி, நீ இருப்பதை மறந்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்றான். நெய்ஸ்மித் அவனைக் கண்டித்ததும் இல்லை, அவனுக்குப் பிரசங்கம் செய்ததும் இல்லை. கூட நின்று ஒழுங்காக ஆடினார், அவ்வளவுதான். அப்போதுதான் அவருக்கு உறைத்தது: மேடையில் ஏறாமலேயே ஊழியம் செய்யலாம் போலிருக்கிறதே!

1890-இல் இறையியல் படிப்பை முடித்தவர், எந்தச் சபைக்கும் போகாமல், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குப் போய்விட்டார். ஒய்.எம்.சி.ஏ. என்பது 1844-இல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற 22 வயது ஜவுளிக்கடை ஊழியர், வேலை முடிந்தபின் போக்கிடம் இல்லாத இளைஞர்கள் கூடி ஜெபிக்கவும் வேதம் வாசிக்கவும் தொடங்கிய சங்கம். அமெரிக்காவுக்குப் போனபின் அதோடு உடற்பயிற்சிக் கூடமும் சேர்ந்துகொண்டது. ஆவி, மனம், சரீரம் மூன்றும் சேர்ந்தால்தான் மனிதன் என்று முக்கோணச் சின்னத்தைக் கொண்டுவந்தவர் லூதர் குலிக். அவரே ஸ்பிரிங்ஃபீல்டில் நெய்ஸ்மித்துக்கு மேலதிகாரி.

1891 குளிர்காலம். வெளியே பனி. உள்ளே 18 பேர் கொண்ட ஒரு வகுப்பு. வாலிபர்கள், ஃபுட்பால் ஆடிப் பழகியவர்கள். கையைத் தூக்கு, காலை மடக்கு என்ற டிரில் அவர்களுக்கு வெறுத்துப்போய்விட்டது. ஏற்கெனவே இரண்டு ஆசிரியர்கள் அந்த வகுப்பை மேய்க்க முடியாமல் கைவிட்டிருந்தார்கள். குலிக் அதை நெய்ஸ்மித் தலையில் கட்டினார். கூரைக்குக் கீழே ஆடக்கூடிய புது விளையாட்டு ஒன்று வேண்டும், இரண்டு வாரம் அவகாசம் என்றார். (நம்ம ப்ராஜெக்ட் டெட்லைன் எல்லாம் இதற்கு முன்னால் எம்மாத்திரம்?)

தெரிந்த விளையாட்டுகளை எல்லாம் உள்ளே கொண்டுவந்து பார்த்தார். ஜன்னல் உடைந்தது, முட்டி உடைந்தது, ஒன்றும் சரிப்படவில்லை. அப்புறம் அவர் யோசித்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இன்று தொழிற்சாலைகளில் மூலகாரணம் தேடுவது என்கிறோமே, அதேதான். முரட்டுத்தனம் எங்கே இருந்து வருகிறது? ஆளை மடக்கித் தள்ளுவதிலிருந்து. ஏன் தள்ளுகிறான்? பந்தை வைத்துக்கொண்டு ஓடுகிறவனை வேறு எப்படி நிறுத்துவது? அப்படியானால் பந்தோடு ஓடக்கூடாது என்று வைத்துவிட்டால்? தள்ளவேண்டிய அவசியமே போயிற்று. அடுத்தது கோல். அது செங்குத்தாக எதிரே நின்றால் பலம்கொண்ட மட்டும் அடிப்பான். கிடைமட்டமாக, தலைக்கு மேலே இருந்தால்? மெதுவாக, வளைவாகத்தான் எறிய வேண்டும். சிறு வயதில் கிராமத்தில், பாறைமேல் வைத்த கல்லைக் கல்லால் அடித்து விழத்தட்டும் ஒரு விளையாட்டு ஆடியிருக்கிறார். அதில் வேகமாக எறிந்தவனைவிட வளைத்து எறிந்தவனே ஜெயிப்பான். அந்த ஞாபகம் கைகொடுத்தது.

காவலாளியிடம் பதினெட்டு அங்குலச் சதுரப் பெட்டி இரண்டு கேட்டார். அவரிடம் பெட்டி இல்லை. பீச் பழக்கூடை இரண்டு இருந்தது. மாடத்தின் கைப்பிடியில் அவற்றை அடித்தார்கள். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து பத்து அடி உயரத்தில் இருந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க வளையத்தின் உயரம் பத்து அடிதான். கணக்குப் போட்டு வைத்த உயரம் இல்லை அது. ஒரு கட்டடத்தின் கைப்பிடிச் சுவர் வைத்த உயரம். கூடைக்கு அடி இருந்ததால் ஒவ்வொரு தடவை பந்து விழுந்ததும் யாராவது ஏறி எடுக்க வேண்டியிருந்தது. 1891 டிசம்பர் 21 அன்று, பக்கத்துக்கு ஒன்பது பேராக, கால்பந்து ஒன்றை வைத்து முதல் ஆட்டம் நடந்தது. ஒரே ஒரு கோல் விழுந்தது. அந்தப் பதினெட்டுப் பேரில் இஷிகாவா என்ற ஜப்பானியரும் ஒருவர்.

நெய்ஸ்மித் எழுதி ஒட்டிய விதிகள் பதின்மூன்று. அந்த மூலத்தாள்கள் 2010-இல் 43 லட்சம் டாலருக்கு ஏலம் போயின. அது கிடக்கட்டும், விதிகளைப் படித்துப் பாருங்கள். தோளால் இடிக்காதே, பிடிக்காதே, தள்ளாதே, காலை வாராதே, அடிக்காதே. இரண்டாவது முறை செய்தால் அடுத்த கோல் விழும்வரை வெளியே நில். காயப்படுத்தும் எண்ணத்தோடு செய்தாய் என்றால் ஆட்டம் முடியும்வரை வெளியே, உனக்கு மாற்று ஆளும் கிடையாது. நடுவர்கள் இரண்டு பேர். ஒருவருக்குப் பந்தைப் பார்ப்பது வேலை; மற்றவருக்கு ஆட்களைப் பார்ப்பது வேலை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போன மாணவர்கள் அவரவர் ஊர் ஒய்.எம்.சி.ஏ.வில் ஆடிக் காட்ட, விளையாட்டு பரவிவிட்டது. நாலு வருஷம் கழித்து, 1895-இல், பக்கத்து ஊரான ஹாலியோக் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன், கூடைப்பந்துக்கு மூச்சு வாங்குகிற நடுத்தர வயதுக்காரர்களுக்காக, ஆறரை அடி உயரத்தில் வலை கட்டி இன்னொரு விளையாட்டைச் செய்தார். அதுதான் வாலிபால். ஆக, நம்மூர்ப் பக்கம் கோயில் மைதானத்தில் சாயங்காலம் ஆடுகிற இரண்டு ஆட்டமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இவ்வளவுக்குப் பிறகும் நெய்ஸ்மித்தின் ஒரே அக்கா ஆனி அவரை மன்னிக்கவில்லை. சாவதற்குச் சில காலம் முன்பு, இப்போதாவது மன்னித்தாயா என்று இவர் கேட்டபோது தலையை ஆட்டி மறுத்துவிட்டார். கலப்பையில் கை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தவன் நீ என்றார். வேதம் வாசிக்கிற வீட்டில் அதைவிடக் கடுமையான சொல் கிடையாது.

சென்னைக்கு ஒய்.எம்.சி.ஏ. வந்தது 1890-இல். ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக், 1919-இல் சென்னை வந்து, மறு வருஷமே உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் நடக்கிற கல்லூரி அதுதான். நம் பி.டி. சார் போன்ற எத்தனையோ பேரை உருவாக்கிய இடம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணிக்கு மேலாளராகப் போனவரும் பக்தான். ஞாயிற்றுக்கிழமை ஓடமாட்டேன் என்று நூறு மீட்டரை விட்டுவிட்டு, நானூறு மீட்டரில் எரிக் லிடெல் தங்கம் வென்றாரே, அதே ஒலிம்பிக். பக் 1943-இல் சென்னையிலேயே காலமானார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. நெய்ஸ்மித்தின் பதின்மூன்று விதிகளில், எப்படி ஆடவேண்டும் என்று இருக்கிறது. யார் யாரோடு ஆடலாம் என்று இல்லை. அதை ஊர்தான் முடிவு செய்கிறது. ஆலயங்களும் அப்படித்தான் இருந்தன. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிவாரியாக மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிபட்டது. எங்கள் ஊரில் சுவர் கிடையாது. ஒரே கோயில், ஒரே ஆராதனை, ஒரே திருவிருந்து. ஆனால் நான் சிறுவனாக இருந்தபோது வாலிபால் வலை மட்டும் இரண்டு. மேலத்தெருவுக்கு ஒன்று, கீழத்தெருவுக்கு ஒன்று. கிறிஸ்துமஸ் டோர்னமென்ட்டில் இரண்டு டீமும் எதிரெதிரே ஆடுவோம், கோப்பையும் கொடுப்பார்கள். ஒரே டீமில் சேர்ந்து ஆடியது கிடையாது. அதை யாரும் விதியாக எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஊர்க் கீழத்தெருப் பையன் ஒருவனும் நானும் முதல் தடவையாக ஒரே பக்கம் நின்று ஆடியது, ஊரிலிருந்து இருநூறு கிலோமீட்டர் தள்ளி, நம் ஹாஸ்டல் கோர்ட்டில்தான். யார் எந்தத் தெரு என்று அங்கே யாரும் கேட்கவில்லை; ஐந்தாவது ஆள் கிடைத்தால் போதும் என்று இருந்தது.

இந்த இரண்டு வலைக் கதை கூடைப்பந்து பிறந்த நாட்டிலும் உண்டு, அதைவிடக் கொடுமையாக. நெய்ஸ்மித் 1898-இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். 1933-இல் ஜான் மெக்லென்டன் என்ற கறுப்பின மாணவர் உடற்கல்வி படிக்க அங்கே வந்து சேர்ந்தார். கறுப்பின மாணவர்களுக்குப் பல்கலைக்கழக அணியில் இடமில்லை. நீச்சல் குளத்தில் இறங்கக்கூட அவர் போராட வேண்டியிருந்தது. தகப்பனார் சொல்லி அனுப்பியபடி நேராக நெய்ஸ்மித்திடம் போய், நீங்கள்தான் எனக்கு வழிகாட்டி என்று சொன்னார். கிழவர் ஏற்றுக்கொண்டார், கூடவே நின்றார். விளையாட்டைக் கண்டுபிடித்தவரிடமே பாடம் கேட்ட அந்த மாணவர், அதே பல்கலைக்கழகத்துக்காக ஒரு ஆட்டம்கூட ஆடமுடியவில்லை.

1944-இல் மெக்லென்டன் வட கரோலினாவில் டர்ஹாம் நகரக் கறுப்பினக் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளர். அதே ஊரில் வெள்ளையர்களின் டியூக் பல்கலைக்கழகம். இரண்டு இடத்து ஒய்.எம்.சி.ஏ. மாணவர்கள் சிலர் ஊருக்குத் தெரியாமல் கூடி ஜெபிப்பது வழக்கம். ஆமாம், ஜெபிக்கவே ஒளிந்துதான் கூட வேண்டியிருந்தது. அங்கே எழுந்த பேச்சில், யார் டீம் பெரிசு என்ற வாய்ச்சண்டை வந்து, கடைசியில் ஆடியே பார்த்துவிடுவோம் என்று முடிந்தது. சட்டப்படி குற்றம். வெளியே தெரிந்தால் உயிருக்கே ஆபத்து.

மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை என்று நாள் குறித்தார்கள். அந்த நேரத்தில் ஊர், போலீஸ் உட்பட, கோயிலில் இருக்கும். டியூக் மருத்துவ மாணவர்கள் இரவல் காரில் சுற்றுவழியாக வந்து, கோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு ஜிம்முக்குள் நுழைந்தார்கள். கதவைப் பூட்டினார்கள். ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் கை நடுக்கம். பந்து எங்கெங்கோ போனது. அப்புறம் மெக்லென்டனின் பிள்ளைகள் சூடுபிடித்துவிட்டார்கள். 88-க்கு 44.

அதோடு பிரிந்து போகவில்லை. ஆட்களைக் கலந்து இரண்டு அணியாகப் பிரித்து இன்னொரு ஆட்டம் ஆடினார்கள். அப்புறம் ஹாஸ்டல் அறைக்குப் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். விஷயம் தெரிந்த ஒரு கறுப்பினப் பத்திரிகை நிருபர் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். 1996-இல் ஸ்காட் எல்ஸ்வொர்த் என்ற வரலாற்றாசிரியர் எழுதும்வரை, ஐம்பத்திரண்டு வருஷம், அந்த ஸ்கோர் ஆடியவர்களுக்கும் அவர்களுக்கு வேண்டிய சிலருக்கும் மட்டுமே தெரிந்திருந்தது.