அரைத்தலை நோவும் பேறுகாலமும்

கன்னடத்தில் அரெதலெநோவு, தமிழில் ஒற்றைத் தலைவலி. வடமொழியின் அர்த்தாவபேதகமும், மைக்ரேன் என்பதன் கிரேக்க மூலமும் பாதித் தலையையே சுட்டுகின்றன. நான்கு மொழிகளும் நோய்க்கு இடத்தால் பெயரிட்டன, காரணத்தால் அன்று. பேறுகாலத்தில் இப்பெயர் பொறியாகிவிடுவதுண்டு.

கருவுற்றோரில் பெரும்பாலோருக்கு ஒற்றைத் தலைவலி தணிவதே வழக்கம். அரிதாகச் சிலருக்கு அதனோடு உடலின் ஒரு பாதியும் சற்று நேரம் செயலிழக்கும். குடும்பவழியாக வரும் இவ்வகையை மிட்செல் கிளார்க் 1910-இல் விவரித்தார். அது தானே தெளிந்துவிடும். ஆனால் மூளைச் சிரைகளில் இரத்தம் உறைந்தாலும் தொடக்கம் இப்படியே இருக்கலாம்: தலைவலி, பிறகு ஒருபக்கத் தளர்ச்சி. வீட்டு வழக்கில் இரண்டும் மண்டையிடிதான்.

இவ்வுறைவின் வரலாற்றில் தென்னகத்திற்குத் தனியிடம் உண்டு. கருக்காலத்திலும் பேற்றின் பின்னும் மூளை நாளங்களில் உறைவு கண்ட 135 பேரைப் பற்றி மதுரை மருத்துவர் கே. சீனிவாசன் 1983-இல் எழுதினார். பெங்களூரு நிம்ஹான்ஸில் டி. நாகராஜாவும் குழுவினரும் குறைந்த அளவு ஹெப்பாரின் இந்நோயில் பயன் தருவதாக 1999-இல் வெளியிட்டனர். மூளையில் கசிவு மிகுந்துவிடும் என்ற அச்சத்தால் மருத்துவர் பலர் அம்மருந்தைத் தயங்கியே கையாண்ட காலம் அது.

பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைக்கும் வழக்கத்தையும் ஆய்வாளர்கள் காரணங்களுள் ஒன்றாகக் கருதினர். பாட்டிமாரைப் பழிப்பது எளிது. மகப்பேற்றையொட்டி இரத்தத்தின் உறையுந்தன்மை இயல்பாகவே கூடுகிறது. வறுமை தந்த இரத்தசோகையும் அதனோடு சேர்ந்துகொண்டது.