படியும் படகும்

நீர் சூழ்ந்த நாட்டில் துறையே ஊரின் வாயில். அவ்வாயிலில் கால்வைக்க இயலாதவர்க்கு ஊரே அடைபட்டுவிடுகிறது. மட்டாஞ்சேரிக்குத் தெற்கே, உப்பங்கழிகளின் நடுவே அமைந்த கும்பளங்கி இவ்வுண்மையை நன்கறிந்த தீவுக் கிராமம். இன்று அங்குச் செல்லப் பாலம் உண்டு. முன்னாளில் தோணியே பெருந்துணை.

கழிநீர் கடலோடு கலந்தது. ஓதத்திற்கேற்ப நாள்தோறும் ஏறும், இறங்கும். கல்லால் கட்டிய துறையோ அசைவதில்லை. நீர் தாழ்ந்த வேளையில் படகு படிக்குக் கீழே கிடக்கும். இளைஞன் குதித்து ஏறுவான். முதியவரும், கருவுற்ற பெண்டிரும், ஊன்றுகோல் கொண்டவரும் பிறர் கைத்தாங்கலை நாடி நிற்பர். நடக்க இயலாதவரையோ சுமைபோல் தூக்கித்தான் ஏற்ற வேண்டும்.

1920-இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, துறைமுக வாயிலை மறித்துக் கிடந்த மணல்திட்டை அகழ்ந்து பெருங்கப்பல்களுக்கு வழி திறந்தார். 1928-இல் 'பத்மா' என்னும் கப்பல் உள்துறைமுகத்தில் நுழைந்தது. கப்பலுக்கு இருந்த தடையை அன்றே நீக்கிய நகரம், மனிதனுக்கு இருந்த தடையை நீக்க மேலும் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

2023 ஏப்ரலில் கொச்சி நீர் மெட்ரோ ஓடத் தொடங்கியது. அதன் துறைகளில் படகு அணைவது மிதவைமேடையில். ஓதத்தோடு மேடையும் ஏறி இறங்குவதால், அதன் தளமும் படகின் தளமும் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. சக்கர நாற்காலி உருண்டே உட்புகும். 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கும் இவ்வசதி வந்தது. குழந்தையை இடுப்பில் ஏந்திய தாய்க்கும், கூடை சுமந்தவர்க்கும் அதே மேடை உதவுகிறது. எல்லார்க்கும் பொருந்துமாறு முதலிலேயே அமைப்பதைத்தான் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்டு மேஸ் 'பொது வடிவமைப்பு' என்றார். இளம்பிள்ளைவாதத்தால் அவரே சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர்.

இஃது இரக்கமன்று, உரிமை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக்கட்டடமும் போக்குவரத்தும் எவரும் அணுகத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்கிறது. அதற்கான நெறிகள் வெறும் பரிந்துரையாக நில்லாமல் கட்டாயமாக்கப்பட வேண்டுமென 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இச்சட்டம் மாநிலம் பார்ப்பதில்லை, மொழியும் பார்ப்பதில்லை. அயல் மாநிலங்களில் வாழும் நாமும் தமிழ்ச்சங்கம் எழுப்புகிறோம், மண்டபம் கட்டுகிறோம். வாயிலில் படி அமைக்குமுன், அதன் அருகே ஒரு சாய்தளத்திற்கும் இடம் ஒதுக்குவோமாக. கட்டி முடித்தபின் இடிப்பதைவிட, கட்டும்போதே எண்ணுவது எளிது.