நிகழ்பட ஆட்டங்களும் கலையும்

நிகழ்பட ஆட்டங்கள் கலையா என்பது கலை மெய்யியல், சட்டம், அருங்காட்சியகவியல் ஆகிய துறைகளில் விவாதிக்கப்படும் ஒரு வினா ஆகும். ஓவியம், இசை, கதை, நடிப்பு ஆகியவை இவ்வாட்டங்களில் இடம்பெறுகின்றன என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இவை சேர்ந்து உருவாகும் ஆட்டம், ஆட்டம் என்ற முறையிலேயே கலைப்படைப்பு ஆகுமா என்பதே விவாதப் பொருள்.

== கலை என்ற சொல் ==
இந்திய மரபில் கலை என்னும் சொல் தேர்ச்சி, வித்தை ஆகியவற்றையும் குறித்தது. வாத்சியாயனரின் காமசூத்திரம் தரும் அறுபத்து நான்கு கலைகளின் பட்டியலில் சூதாட்டமும் சிறுவர் விளையாட்டுகளும் உள்ளன. அங்கு கலை எனப்படுவது விளையாடுபவரின் திறமை. இன்றைய விவாதமோ ஆட்டத்தை உருவாக்கியவரின் படைப்பைப் பற்றியது. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பது தேவையாகும்.

கலையாகக் கருதப்படுபவையும் காலத்துக்கேற்ப மாறுகின்றன. செஞ்சிக்கு அருகே விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள பனமலையில், பல்லவ மன்னன் இராசசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் அமைந்துள்ளது. அதன் சுவரில், சிவனின் ஆடலைக் காணும் உமையின் ஓவியம் எஞ்சியுள்ளது. வழிபாட்டிடத்தின் ஒரு பகுதியாகத் தீட்டப்பட்ட அது, இன்று பல்லவ ஓவியக் கலையின் சிறந்த சான்றாகப் போற்றப்படுகிறது. வரைந்தவரின் பெயர் தெரியவில்லை.

== எதிர்க் கருத்துகள் ==
அமெரிக்கத் திரைப்படத் திறனாய்வாளர் ரோசர் ஈபர்ட், 2005இல் இவ்வாட்டங்களைத் திரைப்படத்துக்கும் இலக்கியத்துக்கும் இணையாக ஏற்க மறுத்தார். இலக்கியத்தில் ஆசிரியரின் கட்டுப்பாடு இன்றியமையாதது. ஆட்டத்திலோ முடிவெடுப்பவர் ஆட்டக்காரர் என்பது அவர் வாதம். 2010 ஏப்ரலில், ஆட்டங்களில் விதிகளும் இலக்கும் வெற்றியும் உள்ளன, கலையை யாரும் வெல்வதில்லை என்றும் எழுதினார். அதே ஆண்டு சூலையில், தாம் போதிய அளவு விளையாடிப் பார்க்காத ஒன்றைப் பற்றிக் கருத்துக் கூறியிருக்கக் கூடாது என ஒப்புக்கொண்டார். எனினும் தம் நிலைப்பாட்டைக் கைவிடவில்லை.

== ஆதரவுக் கருத்துகள் ==
ஆட்டக்காரரின் தெரிவுகளுக்கு எல்லை வகுப்பவர் ஆட்டத்தைப் படைத்தவரே என்பதும், அவ்விதிகளின் வழியாகவே அவர் பொருளை உணர்த்துகிறார் என்பதும் ஆதரவாளர்களின் மறுமொழி ஆகும். கட்டடக் கலைஞர் மனிதரின் நடமாட்டத்தை வடிவமைப்பது இதற்கு ஒப்புமையாகக் காட்டப்படுகிறது.

நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 2012இல் பாக்-மேன், டெட்ரிசு உள்ளிட்ட 14 ஆட்டங்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. ஆனால் அவை ஓவியப் பிரிவில் அன்றி, கட்டடக்கலை மற்றும் வடிவமைப்புப் பிரிவிலேயே சேர்க்கப்பட்டன.

== தமிழ் எடுத்துக்காட்டு: வெண்பா ==
கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்சு நிறுவனம் 2023 சூலை 31 அன்று வெளியிட்ட ''வெண்பா'', இவ்விவாதத்திற்குத் தமிழ்ச் சூழலில் தக்க எடுத்துக்காட்டாகும். 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்ப் பெண் வெண்பா, அவர் கணவர் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை இது. தாயிடமிருந்து வந்த சமையற் குறிப்பேட்டின் சில பகுதிகள் சிதைந்துள்ளன. விடுபட்ட செய்முறையை ஊகித்து இட்லி, புட்டு முதலியவற்றைச் சமைப்பதே ஆட்டம். பிற்பகுதியில், தமிழை ஓரளவே படிக்கத் தெரிந்த மகனின் நிலையில் இருந்து ஆட்டக்காரர் அதே குறிப்பேட்டை அணுகுகிறார். மொழி இழப்பைப் பற்றிக் கேள்விப்படுவதோடு நில்லாமல், அதனால் வரும் தடுமாற்றத்தைத் தாமே செய்து உணர்கிறார். ஈபர்ட் குறையாகக் கூறிய ஆட்டக்காரரின் பங்கு இங்கு பொருளை உணர்த்தும் வழியாகிறது. மேலும், இங்கு வெல்வதற்கு எதிராளி எவரும் இல்லை.

இவ்வாட்டம் 2024இல் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான விருதைப் பெற்றது.

== சட்ட நிலை ==
இவ்வினாவின் விடை நடைமுறை விளைவுகளை உடையது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011இல், நூல்கள், நாடகங்கள், திரைப்படங்கள் போல நிகழ்பட ஆட்டங்களுக்கும் கருத்துரிமைப் பாதுகாப்பு உண்டு எனத் தீர்ப்பளித்து, வன்முறை ஆட்டங்களைச் சிறாருக்கு விற்பதைத் தடுத்த கலிபோர்னியச் சட்டத்தை நீக்கியது. தென் கொரியா 2022இல் தன் கலை, பண்பாட்டு ஊக்குவிப்புச் சட்டத்தைத் திருத்தி ஆட்டங்களையும் அதில் சேர்த்தது.

இந்தியாவில் விவாதம் வேறு திசையில் சென்றுள்ளது. இங்கு நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஆராய்ந்தது, ஓர் ஆட்டம் திறமை சார்ந்ததா, வாய்ப்பு சார்ந்ததா என்பதையே. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் தொடர்பான வழக்கிலும், 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் ஆகியவற்றைத் திறமை ஆட்டங்கள் என்றே கூறியது. 2025ஆம் ஆண்டின் நடுவண் அரசுச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் திறமை, வாய்ப்பு என்ற வேறுபாடின்றித் தடை செய்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி கணினி நிரல் இலக்கியப் படைப்பாகக் கொள்ளப்படுகிறது. நிகழ்பட ஆட்டத்துக்கெனத் தனி வகை அதில் இல்லை.

== பாதுகாப்பு ==
கலையெனக் கருதப்படாதவை பாதுகாக்கப்படாமல் அழிய நேர்கிறது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களுள் 87 விழுக்காடு விற்பனையில் இல்லை என 2023இல் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. பழைய கருவிகள் பழுதாவதும் வழங்கிகள் நிறுத்தப்படுவதும் இவ்வழிவை விரைவுபடுத்துகின்றன. பனமலையில் ஆடும் சிவனின் உருவம் பெரும்பாலும் மறைந்த பின்னும் சுவரில் உமையின் உருவம் எஞ்சியுள்ளது. இயங்காத ஆட்டத்தில் அவ்வாறு எஞ்சுவது அரிது.

== இவற்றையும் பார்க்க ==
* அழகியல்
* பல்லவர் ஓவியக்கலை
* ஆய கலைகள் அறுபத்து நான்கு
* புலம்பெயர் தமிழர்

பகுப்பு: நிகழ்பட ஆட்டங்கள்
பகுப்பு: கலை மெய்யியல்