விவரம் தெரிந்த வயது

பிள்ளைக்கு விவரம் தெரியும் வயது எது? நம் வீடுகளில் அடிக்கடி எழும் இக்கேள்வியைத் திருச்சபையும் பல நூற்றாண்டுகளாகக் கேட்டு வந்திருக்கின்றது. புதுநன்மை வாங்கும் வயதைப் பற்றிய வரலாறே அதற்குச் சான்று. வெண்ணிற ஆடை உடுத்தி, கையில் மெழுகுதிரி ஏந்திப் பிள்ளைகள் வரிசையாக வரும் காட்சியைக் காணும்போது, தொன்றுதொட்டு இவ்வயதில்தான் இது நடந்து வந்தது என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று.

தொடக்கத் திருச்சபையில் வயது ஒரு தடையாகக் கருதப்படவில்லை. கார்த்தேஜ் நகர ஆயர் புனித சிப்பிரியான், தேசியுஸ் மன்னனின் வேத கலாபனைக்குப் பின், கி.பி. 251-ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில், இன்னும் பேச்சு வராத ஒரு பெண் குழந்தைக்குத் திருத்தொண்டர் கிண்ணத்திலிருந்து திரு இரத்தம் ஊட்டியதைக் குறிப்பிடுகிறார். குழந்தைக்கு நற்கருணை தரலாமா என்னும் ஐயம் அவர் எழுத்தில் இல்லை. வழக்கமாக நடப்பதொன்றாகவே சொல்லிச் செல்கிறார். கீழைத் திருச்சபைகளின் மரபும் இதுவே. திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை ஆகிய மூன்றையும் கைக்குழந்தைக்கே சேர்த்து வழங்கும் வழக்கம் அங்கே தொடர்கின்றது. 1990-இல் வெளியான கீழைத் திருச்சபைகளின் சட்டத்தொகுப்பும் அதை ஏற்றுள்ளது.

மேலைத் திருச்சபையில் நிலைமை மெல்ல மாறியது. திரு இரத்தம் சிந்திவிடுமோ என்னும் அச்சமும், நற்கருணையின்பால் வளர்ந்துவந்த வணக்க உணர்வும் கைக்குழந்தைகளைப் பீடத்தினின்று விலக்கி வைத்தன. 1215-ஆம் ஆண்டு கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், விவரம் அறியும் வயதை அடைந்த ஆண் பெண் அனைவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்து, பாஸ்கா காலத்தில் நற்கருணை உட்கொள்ள வேண்டும் என்று கட்டளையிட்டது. அந்த வயது எத்தனை என்று சங்கம் எண்ணிட்டுச் சொல்லவில்லை. 1562-இல் திரிதெந்துப் பொதுச்சங்கமும், அறிவு தெளியாத சிறுவர்க்கு இக்கடமை இல்லை என்று கூறிற்றே அன்றி, குழந்தைகளுக்கு நற்கருணை தந்த பழைய வழக்கத்தைப் பழிக்கவில்லை.

எண் குறிக்கப்படாத அந்த இடத்தில் மனிதர் தத்தம் எண்ணங்களைப் புகுத்தினர். பாவசங்கீர்த்தனத்திற்கு ஏழு வயது போதும், நற்கருணைக்கோ இன்னும் முதிர்ந்த அறிவு வேண்டும் என்று சிலர் வாதிட்டனர். இதனால் ஊருக்கு ஊர் பத்து, பன்னிரண்டு, பதினான்கு என வயது உயர்ந்துகொண்டே போனது. பிரான்சு நாட்டில் ஜான்சேனியக் கொள்கை இப்போக்கிற்கு உரமிட்டது. 1643-இல் அந்துவான் அர்னோ எழுதிய நூல், தகுதியின்மையை நினைந்து நற்கருணைக்கு அஞ்சி விலகி நிற்பதே பக்தி என்னும் எண்ணத்தைப் பரப்பியது. உணவாகத் தரப்பட்டது, தகுதிக்குரிய பரிசாக மாறிப்போயிற்று.

இந்த ஏற்பாட்டில் காத்திருந்தவர்களுள் ஒருவர் குழந்தை இயேசுவின் புனித தெரேசா. அவர் பிறந்தது 1873-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 2-ஆம் நாள். பிறந்த ஆண்டைக் கொண்டு கணக்கிட்ட அன்றைய விதிப்படி, இரண்டே நாள் பிந்திப் பிறந்ததற்காக அவர் ஓர் ஆண்டு பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. 1884 மே 8-ஆம் நாள், பதினோராம் வயதில்தான் அவருக்குப் புதுநன்மை கிடைத்தது. பிற்காலத்தில் மறைவல்லுநர் என்று திருச்சபையால் போற்றப்பட்ட அந்த உள்ளத்தின் ஆவலை நாட்காட்டியால் அளக்க இயலவில்லை.

இந்நிலையை மாற்றியவர் புனித பத்தாம் பத்திநாதர். இவர் நெடுங்காலம் பங்குப் பணியாற்றியவர். சிறுவர்க்கு ஞானோபதேசம் கற்பித்துப் பழகியவர். 1905-இல் அடிக்கடி நற்கருணை உட்கொள்ளுமாறு ஊக்குவிக்கும் ஆணை இவர் காலத்தில் பிறந்தது. 1907-ஆம் ஆண்டு திசம்பர் 6-ஆம் நாள், அயர்லாந்தின் கார்க் நகரில், நெல்லி என்னும் நான்கு வயது நோயாளிச் சிறுமிக்கு ஆயரின் இசைவுடன் புதுநன்மை அளிக்கப்பட்டது. இரண்டே மாதங்களில் அவள் இறந்தாள்.

1910 ஆகஸ்டு 8-ஆம் நாள் வெளியான ஆணை, ஏறத்தாழ ஏழு வயதே விவரம் அறியும் வயது என்று தெளிவாக்கியது. முழுமையான மறைஅறிவு தேவையில்லை. நற்கருணை அப்பத்தைச் சாதாரண அப்பத்தினின்று வேறுபடுத்தி அறிந்து, தன் வயதிற்கேற்ற பக்தியுடன் பிள்ளை அணுகினால் போதும். பிள்ளை ஆயத்தமாக உள்ளதா என்று முடிவு செய்யும் பொறுப்பு, தந்தைக்கும் ஆன்ம குருவுக்கும் உரியதாயிற்று. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் பிள்ளையை ஆயத்தம் செய்யும் கடமையைப் பெற்றோருக்கே முதலில் வைக்கின்றது. பங்குத்தந்தை அடுத்து வருகிறார்.

அந்த ஆணையின் இன்னொரு பகுதியை நாம் மறந்துவிட்டோம். புதுநன்மை வாங்கிய பிள்ளை, தன் அறிவு வளர வளர மறைக்கல்வி முழுவதையும் படிப்படியாகக் கற்க வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது. ஏழு வயதளவில் குழந்தையின் சிந்தனையில் ஒரு புதிய ஒழுங்கு தோன்றுகிறது என்று சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே பிற்காலத்தில் காட்டினார். ஆனால் அது ஒரு தொடக்கமே. 1950-இல் எரிக் எரிக்சன் மனித வளர்ச்சியை எட்டுக் கட்டங்களாக வகுத்து, முதுமையையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். நாமோ புத்தாடை, புகைப்படம், விருந்து இவற்றோடு பிள்ளையின் மறைக்கல்வி முற்றுப்பெற்றதாக எண்ணுகிறோம். ஏழு வயதில் தைத்த சட்டையை முப்பது வயதில் யாரும் அணிவதில்லை. ஏழு வயதில் கற்ற செபத்தோடும் விசுவாச விளக்கத்தோடும் முப்பது வயதின் சோதனைகளைச் சந்திப்பவர்களோ நம்மிடையே பலர்.

விவரம் தெரிந்த வயது எது என்னும் கேள்வி வாழ்வின் மறுமுனையிலும் எழுகின்றது. தெரிந்த விவரம் மறைந்துபோனால் என்ன செய்வது? 13-ஆம் நூற்றாண்டிலேயே புனித அக்குவினா தோமையார் இதை ஆராய்ந்தார். ஒருபோதும் அறிவு தெளியாதவரையும், முன்பு தெளிவோடும் பக்தியோடும் வாழ்ந்து பின்னர் அதை இழந்தவரையும் அவர் வேறுபடுத்துகிறார். பின்னவருக்கு, உட்கொள்வதில் இடையூறு இல்லையாயின், மரண வேளையில் நற்கருணை வழங்க வேண்டும் என்கிறார். முன்பு அவரிடம் இருந்த பக்தியே அதற்குக் காரணம். 1983-இன் சட்டமும், தன்னுணர்வோடு இருந்த காலத்தில் மறைமுகமாகவேனும் விரும்பியிருக்கக்கூடிய நோயாளிக்கு நோயில்பூசுதலை வழங்கச் சொல்கின்றது.

இது ஏட்டளவில் நின்றுவிடும் செய்தியன்று. ஆயுள் நீண்டுள்ள இக்காலத்தில், நமக்குச் சிலுவை அடையாளம் போடக் கற்றுத்தந்த தாத்தாவோ பாட்டியோ, இன்று நம் பெயரையே மறந்து கட்டிலில் கிடக்கிறார்கள். குருவானவர் நற்கருணையோடு வீட்டுக்கு வரும்போது, "அவங்களுக்கு ஒன்றும் தெரியாது, சாமி" என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறோம். தெரியாது என்று தீர்ப்பிடுமுன் நாம் சற்றே தயங்க வேண்டும். எழுபது ஆண்டுகள் பீடத்தை நோக்கி நடந்த கால்கள் அவை. அந்த நடை அவர்களுக்கு மறந்திருக்கலாம், இறைவனுக்கு மறந்திராது.

பிள்ளை வளர்ந்து முடித்த பிறகு வரட்டும் என்று ஆண்டவர் சொல்லவில்லை. முதியவர் தளர்ந்துவிட்டார் என்று விலக்குவதும் இல்லை. அறிவு அரும்பும்போதும் அது மங்கும்போதும் அவர் தம்மையே உணவாகத் தருகிறார். பிள்ளையை அவரிடம் அழைத்துச் செல்லும் கடமை பெற்றோருக்கு உண்டு எனில், பெற்றோரின் முதுமையில் அவரை அவர்களிடம் அழைத்து வரும் கடமை பிள்ளைகளுக்கும் உண்டு.