இருட்டறையில் இரண்டு பேர்

ஃபோட்டோ எடுக்க என்ன வேண்டும்? முதலில் கேமரா என்பீர்கள். 1922-ல் பெர்லினில் வாழ்ந்த ஒரு இளம் தம்பதி, அது தேவையே இல்லை என்று முடிவு கட்டினார்கள்!

விஷயம் ரொம்ப சிம்பிள். வெள்ளி உப்பு பூசிய ஃபோட்டோ பேப்பர், வெளிச்சம் பட்டால் கறுக்கும். படாத இடம் வெள்ளையாகவே நிற்கும். அதன் மேல் ஒரு சாவியையோ, கம்பி வலையையோ, உங்கள் கையையோ வைத்து வெளிச்சம் காட்டினால், பொருள் இருந்த இடம் வெள்ளை நிழலாகப் பதிந்துவிடும். கண்ணாடி டம்ளர் மாதிரி பாதி வெளிச்சத்தை உள்ளே விடுகிற சமாசாரமாக இருந்தால் விதவிதமான சாம்பல் நிறங்கள். கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் ஓரம் மங்கும். நடுவில் நகர்த்தினால் நிழல் மேல் நிழல். நெகட்டிவ் கிடையாது. ஆகவே ஒரு படம் என்றால் அது ஒன்றே ஒன்றுதான். இதற்குப் பெயர் ஃபோட்டோகிராம்.

கணவர் லாஸ்லோ மொஹோலி-நாகி. 1895-ல் ஹங்கேரியில் பிறந்தவர். சட்டம் படிக்கப் போனவரை முதல் உலகப் போர் பீரங்கிப் படைக்கு இழுத்துக்கொண்டது. போர்முனையில் தபால் கார்டுகளில் கிறுக்க ஆரம்பித்து, காயம்பட்டுத் திரும்பி, ஓவியர் ஆகிவிட்டார். 1920-ல் பெர்லினுக்கு வந்தபோது கையில் காசும் இல்லை, நாக்கில் சரியான ஜெர்மனும் இல்லை. மனைவி லூசியா, ப்ராக் நகரத்துக்காரர். தத்துவம், கலை வரலாறு எல்லாம் படித்துவிட்டு பதிப்பகங்களில் எடிட்டராக இருந்தவர். 1921-ல் கல்யாணம். வீட்டுக்கு அரிசி பருப்பு (சரி, ரொட்டியும் உருளைக்கிழங்கும்) வாங்கியது பெரும்பாலும் லூசியாவின் சம்பளத்தில்தான்.

கேமரா இல்லாப் படம் இவர்கள் கண்டுபிடிப்பல்ல. 1830-களிலேயே இங்கிலாந்தில் ஃபாக்ஸ் டால்பாட், இலைகளையும் லேஸ் துணியையும் வைத்து இதைச் செய்துவிட்டார். 1843-ல் அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடல்பாசிகளை நீல நிறத்தில் இப்படிப் பதிவு செய்து புத்தகமே போட்டார். இவர்கள் காலத்திலேயே பாரிஸில் மேன் ரே இதைச் செய்துகொண்டிருந்தார். யார் முதல் என்ற சண்டையில் எனக்கு ருசி இல்லை. எதற்காகச் செய்தார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். டால்பாட்டுக்கு இலை வேண்டும், அட்கின்ஸுக்குப் பாசி வேண்டும், மேன் ரேவுக்குக் கனவு மாதிரி ஒரு திகைப்பு வேண்டும். மொஹோலி-நாகிக்கோ பொருளே வேண்டாம். என்ன பொருள் என்று அடையாளம் தெரியக்கூடாது. வெளிச்சம் மட்டும் வேண்டும்! பெயின்ட்டுக்குப் பதில் வெளிச்சத்தையே குழைத்துப் பூச முடியாதா என்பதுதான் அவர் ஆசை.

1923-ல் ஜெர்மனியின் புகழ்பெற்ற பௌஹவுஸ் கலைப் பள்ளிக்கு அவரை ஆசிரியராக அழைத்தார், அதை நிறுவிய கட்டடக் கலைஞர் வால்டர் க்ரோப்பியஸ். அப்போது மொஹோலி-நாகிக்கு 28 வயதுகூட நிரம்பவில்லை. கூடவே போன லூசியாவுக்கு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. அவர் வைமர் நகரில் ஒரு ஸ்டூடியோவில் தொழில் பழகினார். பிறகு லைப்ஸிக் போய் முறையாகப் படித்தார். டெவலப்பர் கரைசலை எவ்வளவு கலக்க வேண்டும், பேப்பரை எத்தனை நேரம் ஊறவிட வேண்டும் என்பதெல்லாம் லூசியாவுக்குக் கைவந்த கலை. கணவருக்கு ஐடியா கொட்டும், ஆனால் அந்த இருட்டறைப் பயிற்சி கிடையாது. 1925-ல் ஓவியம், ஃபோட்டோகிராஃபி, சினிமா பற்றி அவர் எழுதிய பிரபலமான புத்தகத்தின் ஜெர்மனைச் செதுக்கியதும் லூசியாதான். அட்டையில் ஒரே ஒரு பெயர். யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா?

1928-ல் இருவரும் பௌஹவுஸை விட்டார்கள், அடுத்த வருஷம் ஒருவரை ஒருவர் பிரிந்தார்கள். 1930-ல் மொஹோலி-நாகி உலோகத் தகடு, கண்ணாடி, மோட்டார் எல்லாம் வைத்து, சுழன்று சுழன்று சுவரில் நிழல் வீசும் ஒரு இயந்திரம் செய்து பாரிஸில் காட்டினார். அதற்கு இன்ஜினீயரிங் டிராயிங் போட்டவர் ஸ்டீஃபன் ஷெபோக் என்ற ஹங்கேரிக்காரர். இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையா?

லூசியா அந்த வருஷங்களில் இன்னொன்றும் செய்திருந்தார். டெஸாவ் நகரில் 1926-ல் திறந்த பௌஹவுஸ் கட்டடத்தை, உள்ளே தயாரான நாற்காலியை, விளக்கை, டீ பாத்திரத்தை எல்லாம் பெரிய கேமராவில், கண்ணாடி பிளேட்டுகளில் படமெடுத்தார். மொத்தம் சுமார் 560 நெகட்டிவ்கள்.

1933-ல் ஹிட்லர் வந்தார். லூசியாவின் அப்போதைய துணைவர், கம்யூனிஸ்ட் எம்.பி. தியோடர் நொய்பாவர், லூசியாவின் வீட்டிலேயே கைது செய்யப்பட்டார். (1945-ல் அவரைக் கொன்றார்கள்.) லூசியா யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார். கண்ணாடி பிளேட்டுகளைத் தூக்கிக்கொண்டு எப்படி ஓடுவது? அவற்றை மொஹோலி-நாகியிடம் விட்டார். அவரும் நாட்டை விட்டுக் கிளம்பியபோது, அவை க்ரோப்பியஸ் கைக்குப் போயின. க்ரோப்பியஸ் 1937-ல் அமெரிக்கா போனார். பிளேட்டுகளும் கப்பலேறின.

அடுத்த வருஷம் நியூயார்க் நவீன கலை மியூசியத்தில் பௌஹவுஸ் கண்காட்சி. அதையொட்டி வந்த புத்தகத்தில் லூசியா எடுத்த படங்கள் ஐம்பது அளவில் இருந்தன. படமெடுத்தவர் பெயர்? எங்கும் இல்லை. பௌஹவுஸைக் கண்ணால் பார்க்காத உலகத்துக்கு அந்தப் படங்கள்தான் பௌஹவுஸ். க்ரோப்பியஸின் புகழ் அவற்றின் மேலேயும் ஏறி நின்றது. லண்டனில் அகதியாகப் பிழைத்துக்கொண்டிருந்த லூசியாவோ, பிளேட்டுகள் போரில் தூளாகியிருக்கும் என்றே நினைத்திருந்தார்.

1950-களில்தான் உண்மை தெரிந்தது. கேட்டால், 'நீதானேம்மா எனக்குக் கொடுத்தாய்' என்கிற தோரணையில் க்ரோப்பியஸ் பதில் எழுதினார்! பிறகு வக்கீல் வைத்துப் போராடி 1957-ல் மீட்டது 230 பிளேட். மீதி 330 எங்கே என்று லூசியா சாகும்வரை தெரியவில்லை.

மொஹோலி-நாகி 1946-லேயே சிகாகோவில் ரத்தப் புற்றுநோயால் இறந்துவிட்டார். 1972-ல் லூசியா அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஃபோட்டோகிராம்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்தவை என்று அதில் பதிவு செய்தார். 1922 கோடையில் ரோன் மலைப்பகுதியில் நடந்துகொண்டே பேசியபோது பிறந்த யோசனை அது என்றார். பொருமல் இல்லை, சேற்றை வாரி இறைக்கவில்லை. கணவரைப் பற்றிய ஒரு கதையை மட்டும் திருத்தினார். மொஹோலி-நாகி ஒரு தொழிற்சாலைக்கு டெலிபோனில் அளவு சொல்லியே மூன்று எனாமல் ஓவியங்களைச் செய்யவைத்தார் என்று எல்லோரும் வியப்பார்கள். லூசியாவின் ஞாபகம் வேறு. அவர் நேரில்தான் ஆர்டர் கொடுத்தார், ஓவியங்கள் வந்து சேர்ந்த சந்தோஷத்தில், 'இதை நான் டெலிபோனிலேயே செய்திருக்கலாம் போலிருக்கிறதே' என்று குதித்தார், அவ்வளவுதான் என்றார்.