மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள்

காலடிப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை காலி மனைகளிலும் தண்டவாள ஓரப் புதர்களிலும் தாழப் பறக்கும் சிறிய மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளைப் பார்ப்பவர்கள் ஒரே இனமாகவே எண்ணுகிறார்கள். இவை பியரிடே குடும்பத்தின் கோலியாடினே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் அந்த உறவுக்குச் சான்று நிறம் அன்று. கறிவேப்பிலையில் முட்டையிடும் பாப்பிலியோ டெமோலியஸுக்கும் வெளிர்மஞ்சள் திட்டுகள் உண்டு. அதன் குடும்பம் வேறு. 2019இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் இன்னொரு குடும்பம். அதன் முன்கால்கள் சிறுத்துப்போய் நாலு காலில்தான் நிற்கும். பியரிடேக்கு ஆறு கால்களும் பயன்படும்.

நிறத்துக்கு வேதியியல் அடிப்படை இருக்கிறதே என்று கேட்கலாம். உண்டு. பிற்காலத்தில் வைட்டமின் ஆய்வுக்காக 1929இல் நோபல் பரிசு பெற்ற ஹாப்கின்ஸ், 1890களில் ஆராய்ந்தது இக்குடும்பத்தின் இறகு நிறமிகளைத்தான். டெரின் எனப்படும் அந்த நிறமிகளில் சாந்தோடெரின் மஞ்சள், லூகோடெரின் வெள்ளை. ஆக, வெள்ளைப் பூச்சிகளும் மஞ்சள் பூச்சிகளும் ஒரே குடும்பம். டெமோலியஸின் மஞ்சளோ வேறு நிறமி. நிறமி உறவைச் சொல்கிறது, கண்ணுக்குத் தெரியும் நிறம் சொல்வதில்லை.

இனத்துக்குள் வந்தால் குழப்பம் இன்னும் கூடும். கொன்றையில் வளரும் கடாப்சிலியா பொமோனாவில் உணர்கொம்பு சிவந்து, பின்னிறகின் அடியில் வெள்ளிப் புள்ளிகள் கொண்ட வடிவம் ஒன்று. கொம்பு கறுத்துப் புள்ளியற்றது இன்னொன்று. 1775இல் ஃபாப்ரிசியஸ் பொமோனா என்றும், கிராமர் குரோக்கேல் என்றும் தனித்தனிப் பெயர் வைத்தனர். இரண்டும் ஒரே இனம் என்பது பின்னர் தெளிவாயிற்று. இதற்கு நேர்மாறானது, 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட யூரெமா ஹெகாபே. ஜப்பானில் ஒரே இனமாக எண்ணப்பட்டதை ஆய்வாளர்கள் பின்னர் பிரித்து, ஒரு பகுதிக்கு மண்டரினா என்று பெயர் தந்தார்கள்.

அடியிறகுப் புள்ளிகளை எண்ணினால் போதாதா? ஹெகாபேயின் முன்னிறகு நடுவறையில் இரண்டு, அதைப் போலவே தோன்றும் யூரெமா பிளாண்டாவில் மூன்று என்பது நல்ல துப்புதான். ஆனால் புள்ளிகளும் கறுப்பு ஓரமும் பருவத்துக்கேற்ப மாறுவதால் அதை மட்டும் நம்ப முடியாது. முட்டையைப் பார்ப்பது மேல்: ஹெகாபே ஒவ்வொன்றாக இடும், பிளாண்டா கும்பலாக இடும், புழுக்களும் கூட்டமாகவே தின்னும். ஆகவே மஞ்சள் பூச்சியைப் படமெடுப்பவர்கள், அது முட்டையிட்ட செடியையும் முட்டைகளையும் சேர்த்துக் குறித்துவையுங்கள்.